பாலைவனப் பல்லிக்கு மலைமண் ஆகுமா?

பாலைவனப் பல்லி வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் வாங்குவது ஒரு மூட்டை மணல். பாலை என்றதும் சினிமா காட்டிய மணல்மேடுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. கண்ணாடித் தொட்டியில் நாலு விரற்கடை மணலைக் கொட்டி, மேலே ஒரு விளக்கை மாட்டிவிட்டால் பல்லிக்குச் சொந்த ஊர் கிடைத்துவிட்டது என்று தோன்றும். உண்மையில், இப்படி வளர்க்கப்படும் பல்லிகளில் பெரும்பாலானவற்றின் சொந்த ஊரில் அப்படிப்பட்ட மணல் கிடையாது.

கேள்வி எழுந்த இடம் வளப்பூர் நாடு. கொல்லிமலையின் நாடுகளில் ஒன்று. அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கிற பக்கம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே, மிளகும் காபியும் பலாவும் விளைகிற மலை. மழைக்காலத்தில் மேகம் வாசலுக்குள் வந்துவிட்டுப் போகும். பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பி, வீட்டிலிருந்தே வேலை என்றானதும் தன்னுடைய ‘பியர்டட் டிராகன்’ ஓணானையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். டீக்கடையில் அவர் கேட்டது சின்னக் கேள்வி: “இதுக்கு ஆத்து மணல் ஒரு மூட்டை போட்டாப் போதாதுங்களாண்ணா?” பதில் அவ்வளவு சின்னதில்லை. ஒரு டீயில் முடியாது. இரண்டாவதும் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முதலில் பாலைவனத்தின் தரையைப் பார்ப்போம். உலகப் பாலைநிலங்களில் மணல் மூடிய பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் சரளை, பாறை, உப்புப் படிந்த சமதரை, வெயிலில் இறுகிப்போன மண். நம் தார்ப் பாலையிலும் மணல்மேடுகளுக்கு நடுவே கெட்டித்தரை பரந்து கிடக்கிறது. அந்தக் கெட்டித்தரையில் வாழ்வதுதான் ‘சாண்டா’ எனப்படும் முள்வால் ஓணான். ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் இருப்பது. பெரும்பாலும் செடிகொடி தின்பது. தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும். உள்ளே போனதும் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தை உள்ளேயே உறங்கிக் கழிக்கும். உதிரி மணலில் இந்தப் பிழைப்பு நடக்காது. காய்ந்த மணலைக் குவித்துப் பாருங்கள், ஏறக்குறைய 34 டிகிரிச் சரிவோடு நின்றுவிடும். அதற்கு மேல் செங்குத்தாக்கினால் சரிந்து வழியும். சுவரே நிற்காத இடத்தில் கூரை எங்கே நிற்கப் போகிறது?

மணலையே நம்பி வாழும் பல்லிகளும் இல்லாமலில்லை. ஜெய்சல்மேர் மாவட்டத்து மணல்மேடுகளில் ஓர் ஓணான் உண்டு. 1978-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது லோங்கேவாலா என்ற ஊரின் பெயரையே சேர்த்தார்கள். ஆபத்து என்றால் உடம்பைப் பக்கவாட்டில் உதறி, கண்ணிமைக்கும் நேரத்தில் மணலுக்குள் புதைந்துவிடும். அதே தாரில் ஓர் அரணை வகை மணலுக்கு அடியிலேயே நெளிந்து நீந்திப் போகும். அரணைக்குக் கால்கள் சிறுத்து, உடம்பு வழுவழுத்திருக்கும்; மணல் வேலைக்கென்றே அமைந்த உயிர்கள் இவை. செல்லப்பிராணியாக விற்பனையாகும் பாலைப் பல்லிகள் வேறு.

பரவலாக வளர்க்கப்படுபவை இரண்டு. ஒன்று, தம்பியிடம் இருக்கும் தாடி ஓணான். ஆஸ்திரேலியாவின் கிழக்கு உள்நாட்டு வறண்ட நிலத்துக்காரன். அங்கே இருப்பது சிவந்த, இறுகிய மண். நடுநடுவே புதர்களும் பட்டுப்போன மரங்களும். இந்த ஓணான் பகலில் பாதி நேரம் வேலிக் கம்பத்திலோ மரக்கட்டையிலோ ஏறி வெயில் காயும். சூடு தாங்காவிட்டால் நிழலுக்கோ பொந்துக்கோ போகும். இன்னொன்று ‘லெப்பர்ட் கெக்கோ’ எனும் புள்ளிப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய பகுதிகளின் கல்லும் கட்டாந்தரையுமான சரிவுகளில் வாழ்வது. நம் வீட்டுப் பல்லியைப் போல இதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது, சுவர் ஏறாது. பகலெல்லாம் பாறை இடுக்கில் கிடந்துவிட்டு, அந்தி சாய்ந்த பிறகு தரையில் நடந்து இரை தேடும்.

இரண்டுக்கும் பழகிய தரை எது என்று கேட்டால், சாமைக் கதிர் அடிக்க நீர் தெளித்து, தட்டி, வெயிலில் காயவிட்ட களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே லேசாகப் பொடி, கீழே உறுதி, நகத்தால் கீறினால் விட்டுக்கொடுக்கும், கால் வைத்தால் அமுங்காது. தொட்டிக்குள் நாம் உண்டாக்க வேண்டியது அந்தத் தரையைத்தான்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மணல் மேடு மேடாகக் கிடக்கிறது. ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. மேல் மணல் காற்றில் அலையும். பழைய மேடுகளின் அடியிலோ மணிகளுக்கு நடுவே களித்துகள் இறங்கி இறுக்கிப் பிடித்திருக்கும். வெறும் மணலுக்கும் வளை நிற்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் களித்துகள்தான்.

மண்ணில் மூன்று அளவுத் துகள்கள் உண்டு. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 வரை மணல். அதற்குக் கீழே 0.002 வரை வண்டல்; அதைவிட நுண்ணியது களி. மணல் நீரை ஒழுகவிடும், ஒட்டாது. களி நீரைப் பிடித்துவைக்கும், காய்ந்தால் கல்லாக இறுகும், அதிகமானால் வெடிக்கும். வண்டல் இரண்டுக்கும் நடுவே. காய்ந்தால் புழுதியாகப் பறக்கும். தொட்டி மண்ணில் மணல் உடம்பாக இருக்கவேண்டும், களி பசையாக இருக்கவேண்டும், வண்டல் குறைவாக இருக்கவேண்டும். பல்லி நடக்கும்போதெல்லாம் புழுதி எழுந்தால் அது அதன் மூச்சுக்கு நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை.

“அப்ப மணலைத் தின்னு செத்துப்போகும்னு சொல்றாங்களே, அது?” என்று தம்பி கேட்டார். பல்லி வளர்ப்பவர்கள் எல்லோரையும் வாட்டுகிற பயம் இது. பல்லி இரையைக் கவ்வும்போது கொஞ்சம் மண்ணும் உள்ளே போகும். காட்டிலும் போகிறது. நல்ல உடம்பு உள்ள பல்லி அதை எச்சத்தோடு வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாமல் குடல் அடைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் பின்னணிக் காரணம் இருக்கும்: தொட்டியில் சூடு போதாமல் செரிமானம் மந்தமாகியிருக்கும், நீர் வற்றியிருக்கும், குடலில் புழு இருக்கும், அல்லது சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, அதைத் தேடி மண்ணை நக்கித் தின்றிருக்கும். வெளிச்சத்தில் இருக்கும் புறஊதாக் கதிரின் ஒரு பகுதி தாடி ஓணானின் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். வைட்டமின் டி இருந்தால்தான் கால்சியம் எலும்பில் சேரும். அந்தக் கதிரைத் தரும் விளக்கு இல்லாத தொட்டியில் ஓணான் மண்ணை நக்கினால், மண்ணை மாற்றிப் பயனில்லை, விளக்கை மாற்றவேண்டும்.

இந்தப் பயத்தை வைத்தே விற்பனையாகும் சரக்கு ஒன்று உண்டு: ‘கால்சியம் மணல்’. தின்றாலும் செரிக்கும் என்று பையில் அச்சிட்டிருக்கும். சுண்ணாம்புச் சத்து என்று பல்லி அதைத் தேடித் தின்னும். ஈரம் பட்டால் அது கட்டியாகும். குடலுக்குள் அந்தக் கட்டி உட்கார்ந்தால் அறுவைதான். கால்சியத்தைப் பூச்சியின் மேல் தூவிக் கொடுங்கள், தரையில் விரிக்காதீர்கள். வண்ணமேற்றிய மணல், மீன்தொட்டிக் கூழாங்கல், வால்நட் ஓட்டுத் தூள், பைன் மரச்சீவல் ஆகியவையும் வேண்டாம். மரத்தூளும் வேண்டாம். மிளகுக்கொடி ஏற்ற நம் மலையெங்கும் நட்டிருக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா தந்த மரம்தான் என்றாலும், அதன் கரையோரக் காடு வேறு, தாடி ஓணானின் வறண்ட உள்நாடு வேறு.

சரி, கலவைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதற்கு வேண்டியது எல்லாமே கையெட்டும் தூரத்தில் கிடைக்கும்: சன்னமான ஆற்று மணல் அல்லது சலித்துக் கழுவிய பூச்சு மணல், செம்மண், கொஞ்சம் சரளை, ஒரு தட்டையான கல். எம்-சாண்ட் வேண்டாம். அது பாறையை உடைத்துச் செய்வது. ஆற்றில் உருண்ட மணலைப் போல விளிம்பு மழுங்கியிருக்காது, கல்தூளும் சேர்ந்திருக்கும். தென்னை நார்க்கழிவும் வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து உலகமெல்லாம் போகும் நல்ல பொருள்தான். ஆனால் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைப்பது அதன் குணம். மழைக்காட்டுப் பல்லிக்கு அது வரம், பாலைப் பல்லிக்குப் பூஞ்சை.

செம்மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சிலதில் களி கால் பங்கு இருக்கும், சிலதில் பாதி இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. ஒரு கண்ணாடிப் பாட்டில் சொல்லிவிடும். நேர்ச்சுவருள்ள பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, முக்கால் அளவுக்குமேல் நீர் ஊற்றி, துளி சோப்புத்தூள் சேர்த்துச் சில நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், இன்னொரு கோடு. ஒருநாள் கழிந்து நீர் தெளியும்போது மேலே படிந்திருப்பது களி. மொத்தப் படிவு ஒன்பது சென்டிமீட்டர், அதில் களி மூன்று என்றால் உங்கள் மண்ணில் களி மூன்றில் ஒரு பங்கு.

பிறகு கணக்கு எளிது. முடிந்த கலவையில் களி நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துவரை இருந்தால் தரை நிற்கும், வெடிக்காது. மூன்றில் ஒரு பங்கு களி உள்ள செம்மண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று கலந்தால் களி நூற்றுக்குப் பதினொன்று. இதுதான் தொடக்கக் கலவை. செம்மண்ணில் களி குறைவாக இருந்தால் சம பங்காகப் போடலாம். இரண்டையும் சலித்து, கைப்பிடியில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது என்ற அளவுக்கு நீர் தெளித்துப் பிசையுங்கள். ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு படலமாகப் பரப்பி, பலகையால் தட்டித் தட்டி ஏற்றுங்கள். இடையிடையே தட்டைக் கல்லையும் மரக்கட்டையையும் தொட்டியின் அடியில் ஊன்றி நிறுத்துங்கள். மண்ணின்மேல் சும்மா வைத்த கல், பல்லி அடியில் தோண்டும்போது சரிந்து அதன் மேலேயே விழும். பிறகு விளக்கைப் போட்டு, முழுதாகக் காயும்வரை பல்லியை உள்ளே விடாதீர்கள். வெயில் காலத்தில் ஒரு வாரம், மற்ற நாளில் அதற்கு மேலும் ஆகும்.

காய்ந்த பிறகு ஒரே ஒரு சோதனை. ஓரத்தில் விரலைச் சாய்வாக நுழைத்துத் துளை போடுங்கள். துளையின் கூரை நின்றால் கலவை சரி. உதிர்ந்து மூடிக்கொண்டால் களி போதாது. விரலே நுழையவில்லை என்றால் களி அதிகம். மணலைக் கூட்டிப் புதிதாகப் பிசையவேண்டியதுதான்.

லெப்பர்ட் கெக்கோவுக்கு இதே கலவையில் சரளையும் தட்டைக் கல்லும் கூடுதலாக, ஆறேழு சென்டிமீட்டர் ஆழம் போதும். அதற்கு முக்கியம் இடுக்கு. அதோடு மூடிய சின்ன டப்பா ஒன்றில் வாசல் வெட்டி, உள்ளே ஈரப்பாசியோ ஈரத்துணியோ வைக்கவேண்டும். பாலைப் பல்லிக்கு எதற்கு ஈரம் என்று கேட்பார்கள். பாலையில் மேல்தரைதான் காய்ந்திருக்கும். வளைக்குள்ளே குளுமையும் ஈரமும் இருக்கும். பகலெல்லாம் அங்கே கிடப்பதால்தான் அதன் தோல் சரியாக உரியும். அந்த ஈர அறை இல்லாவிட்டால் விரல் நுனியில் பழைய தோல் வளையமாக இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலையே இழக்கவைக்கும்.

தாடி ஓணானுக்குப் பத்து சென்டிமீட்டர் ஆழம் வையுங்கள். பெண்ணாக இருந்தால் இன்னொரு ஏற்பாடும் வேண்டும். ஆண் துணை இல்லாமலேகூட அது முட்டையிடும். குழி தோண்ட இடமில்லை என்றால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு லேசான ஈரக் கலவை வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

எடையை மறந்துவிடாதீர்கள். நாலுக்கு இரண்டு அடித் தொட்டியில் பத்து சென்டிமீட்டர் மண் என்பது ஏறக்குறைய 74 லிட்டர். தட்டி இறுக்கிய மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும் 110 கிலோ ஆகிறது. புத்தக அலமாரித் தட்டு தாங்காது. அடியில் மரக்கால் போட்ட கனத்த மேசையோ, நேராகத் தரையோதான் சரி. தொட்டிக்கு அடியில் சூட்டுப் பாய் விரித்து, மேலே இவ்வளவு மண் போடுவதும் தப்பு. காய்ந்த மண் சூட்டை எளிதில் மேலே கடத்தாது; சூடு அடியிலேயே தேங்கிக் கண்ணாடி வெடிக்கும். சூரியன் எங்கிருந்து காய்கிறதோ அங்கிருந்தே, மேலிருந்து, விளக்கால் சூடு கொடுங்கள். விளக்குக்கு நேர் கீழே ஒரு கருப்புக் கடப்பைக் கல். தாடி ஓணானுக்கு அந்தக் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை ஏறவேண்டும்; தொட்டியின் மறுமூலை 25 டிகிரியில் இருக்கவேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள். வெப்பமானி வைத்து அளந்து பாருங்கள்.

இதுவரை சொன்னது சமவெளிக்கும் பொருந்தும். இனி வளப்பூர் நாட்டுக்கென்று உள்ளவை.

முதலாவது, மண் எடுக்கும் இடம். மலையில் செம்மண்ணுக்கா பஞ்சம் என்று தோட்டத்தில் மண்வெட்டி போடாதீர்கள். மிளகுக்கொடி வாடல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை ஆண்டுதோறும் அடிக்கிறோம். அதிலுள்ள தாமிரம் மழையில் கரைந்து ஓடிவிடாது; மேல்மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். மரவள்ளிக் காட்டில் ரசாயன உரம் இருக்கும். கோழி எரு போட்ட நிலம் இன்னும் மோசம். நாமக்கல் முட்டைக்குப் பேர்போன மாவட்டம், கோழி எரு மலைக்கும் வருகிறது. சால்மோனெல்லா கிருமி கூடவே வரும். காப்புக்காட்டு மண்ணில் கைவைத்தால் வனச்சட்டம் பேசும். வீடு கட்ட வானம் தோண்டும்போது ஓரடிக்குக் கீழேயிருந்து வரும் செம்மண்தான் தொட்டிக்கு ஏற்றது. அதில் இலைமக்கு இருக்காது, வேர் இருக்காது, மருந்தும் அவ்வளவாக இறங்கியிருக்காது. கருப்புத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிப் பங்குனி வெயிலில் நாலைந்து நாள் காயப்போட்டுப் புரட்டினால் பூச்சியும் முட்டையும் போய்விடும்.

இரண்டாவதுதான் பெரிது: காற்றின் ஈரம். தாடி ஓணானுக்குப் பகலில் நூற்றுக்கு முப்பது, நாற்பது அளவு ஈரப்பதம் போதும். ஐப்பசி தொடங்கித் தை வரை நம் மலையில் துணியே காய்வதில்லை. அந்த மாதங்களில் தொட்டி மண் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். களி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு இழுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை. வயிற்றுப்புறச் செதிலில் புண். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூச்சுத் தொற்று.

மலையின் காற்று ஓர் உயிருக்கு எவ்வளவு பெரிய எல்லை என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. 2019-ல் ஆய்வாளர்கள் கொல்லிமலையில் வாழும் மெலிந்த பல்லி ஒன்றைத் தனி இனம் என்று கண்டு, ஹெமிஃபில்லோடாக்டைலஸ் கொல்லியென்சிஸ் என்று மலையின் பெயரையே வைத்தார்கள். தென்னிந்தியாவின் தனித்தனி மலைகளில் இதற்குப் பங்காளிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மலைக்கும் தனி இனம். மலையின் குளுமைக்குப் பழகிய இந்தப் பல்லிகளுக்குச் சுற்றியுள்ள சமவெளியின் சூடும் வறட்சியும் கடல் போல ஆகிவிட்டதால், தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்காமல் ஒவ்வொன்றும் தன் மலையிலேயே தனியாகப் பிரிந்துபோயின. நம் மலைப்பல்லியைக் காரவள்ளி அடிவாரத்தில் விட்டால் என்ன பாடுபடுமோ, அதே பாட்டைத்தான் பாலை ஓணான் வளப்பூர் நாட்டு மார்கழியில் படுகிறது.

ஆகவே இங்கே கலவையில் மணலைக் கொஞ்சம் கூட்டுங்கள். களி நூற்றுக்குப் பத்தைத் தாண்டவேண்டாம். அடியில் ஒரு விரற்கடை சரளை போடுங்கள். எருவோ இலைமக்கோ துளியும் கூடாது. தொட்டியின் மேல்மூடி கம்பிவலையாக இருக்கட்டும். பக்கத்திலும் கீழே ஒரு காற்றுவழி வேண்டும். கீழே குளிர்காற்று நுழைந்து, விளக்கில் சூடாகி, மேலே ஈரத்தோடு வெளியேறும். தண்ணீர்க் கிண்ணத்தை விளக்குக்குக் கீழே வைக்காமல் குளிர்ந்த மூலையில், சின்னதாக வையுங்கள். ஈரமானி ஒன்றை மண்ணுக்கு நாலு விரற்கடை மேலே மாட்டுங்கள். சந்தையில் விலை குறைவுதான். தொடர்ந்து அறுபதைத் தாண்டினால் மண்ணை மாற்றி மாற்றிப் பார்க்காமல், தொட்டியை அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிய உலர்ந்த அறைக்கு மாற்றுங்கள். மண்வேலையை மாசி, பங்குனியில் முடித்துவிடுங்கள். புரட்டாசிக்குப் பிறகு பிசைந்த மண் அந்த வருஷம் காயாது.

மண்ணே வேண்டாத சமயமும் உண்டு. புதிதாக வந்த பல்லி, குட்டி, நோய்ப்பட்டது ஆகிய மூன்றுக்கும் முதல் சில வாரம் பழைய செய்தித்தாளோ சமையலறைக் காகிதமோதான் சரியான தரை. எச்சத்தின் நிறமும் கெட்டியும் அதில் தெளிவாகத் தெரியும். புழு இருந்தால் கண்ணில் படும். எச்சம் தினமும் அள்ளப்படவேண்டும். மண் எவ்வளவு நல்லதானாலும் இதில் விலக்கு இல்லை. ஊர்வன எல்லாமே சால்மோனெல்லாவைச் சுமக்கக்கூடியவை. தொட்டியில் கைவைத்தபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதன் பக்கம் விடாதீர்கள். பல்லி இரண்டு மூன்று நாள் எச்சமிடாமல், தின்னாமல், பின்னங்காலை இழுத்து நடந்தால் காத்திருக்கவேண்டாம். மலையிறங்கினால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் எப்போது இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

கடைசியாக, மண்ணுக்கு முன்னாலேயே கேட்கவேண்டிய கேள்வி: அந்தப் பல்லி உங்கள் வீட்டில் இருக்கலாமா? உடும்பு, பச்சோந்தி, சாண்டா ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். உடும்பு போல முதல் பட்டியலில் இருப்பதைத் தொட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. சாண்டா எண்ணெய் என்று தெருவோரத்தில் விற்பதற்காக அந்த ஓணானை வளையிலிருந்து தோண்டி எடுத்து முதுகெலும்பை ஒடித்துப் போடுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த எண்ணெயை வாங்காமலிருப்பதே அதற்குச் செய்யும் உதவி. வெளிநாட்டு உயிரினங்களில் பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணைய வாசலில் பதிவு செய்யவேண்டும். குட்டி பிறந்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்கவேண்டும். ரசீதும் வந்த வழியும் சொல்லாமல் விற்கிறவரிடம் வாங்கவே கூடாது.

தம்பிக்குச் சொன்ன தீர்ப்பையே உங்களுக்கும் சொல்கிறேன். சமவெளிக்காரர் இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு செம்மண்ணும் கலந்து, தட்டி, காயவிட்டு, விரலால் துளைபோட்டுப் பார்த்துத் தாராளமாக வளர்க்கலாம். வளப்பூர் நாட்டில் இருப்பவர் மணலை மூன்று பங்காக்கிக்கொள்ளட்டும். மழைமாதங்களில் ஈரமானியை அறுபதுக்குக் கீழே வைக்க முடியாதவர், அந்த மாதங்களுக்கு மண்ணை அள்ளி மூட்டை கட்டிவிட்டுக் கடப்பைக் கல்லையும் செய்தித்தாளையும் விரிக்கட்டும். பார்க்க அழகாக இருக்காது, பல்லி பிழைத்திருக்கும். அதையும் செய்ய நேரமில்லாதவர் பாலைவனப் பல்லியை மலைக்குக் கொண்டுவர வேண்டாம்.